காலியாக நிற்கும் ஷேர் ஆட்டோ: இரண்டு கட்சிகளுக்குள்ளேயே ஏன் சுற்றிவருகிறோம்?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் பூ கட்டி விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தேர்தல் பேச்சை எடுத்தாலே, "இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான் தம்பி" என்பார். "அப்படியானால் மூன்றாவதாக ஒருவருக்குப் போடலாமே அக்கா" என்று கேட்டால், அடுத்த பதிலும் தயாராக இருக்கும்: "அவர் ஜெயிக்கவா போகிறார்? ஓட்டை எதற்கு வீணாக்க வேண்டும்?"

இந்த இரண்டு பதில்களும் ஒன்றோடொன்று மோதுவதாகத்தான் நீண்ட நாட்கள் நினைத்திருந்தேன். பிடிக்கவில்லை என்கிறார், ஆனால் பிடிக்காதவர்களில் ஒருவருக்கே போடுகிறார். தொலைக்காட்சி விவாதங்களில் இதற்கு எளிதாக ஒரு காரணம் சொல்லிவிடுகிறார்கள்: மக்கள் பழகிப்போனார்கள், மக்கள் காசுக்கு மயங்குகிறார்கள், மக்களுக்கு விவரம் போதாது. இந்தப் பேச்சு எனக்கு உடன்பாடானதல்ல. அக்காவின் இரண்டு பதில்களும் சரியான கணக்கிலிருந்து வருபவை. அவர் சலிப்பின் வேர், வாக்குகளை நாம் எண்ணும் விதத்தில் இருக்கிறது. அரசியலும் கணக்கும் தெரியாதவர்களும் பின்தொடரும்படி அதை இங்கே படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டும் தேர்தல் எண்கள் 2024 வரையிலானவை.

சட்டத்தில் "இரண்டு" என்ற எண்ணே இல்லை

"நம் ஊரில் இரு கட்சி ஆட்சிமுறை" என்று பலர் சொல்லும்போது, அது எங்கோ எழுதிவைக்கப்பட்ட ஏற்பாடு போலத் தோன்றுகிறது. அரசியலமைப்பிலோ தேர்தல் சட்டங்களிலோ அப்படி எதுவும் கிடையாது. யாரும் கட்சி தொடங்கலாம், யாரும் போட்டியிடலாம். ஆர்.கே.நகரிலோ பெரம்பூரிலோ வாக்குப்பதிவு இயந்திரத்தில் இருக்கும் பெயர்களின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும்.

இருந்தும் 1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் நடந்த 13 சட்டமன்றப் பொதுத் தேர்தல்களில் ஆட்சி அமைத்தவை தி.மு.க., அ.தி.மு.க. இரண்டு மட்டுமே. விதியில் எழுதாத ஒன்று இவ்வளவு காலம் விதியைப் போலவே நடந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மீன் வாங்கப் போகலாம்.

காசிமேட்டு மீன் கணக்கு

ஒரு தெருவில் 9 வீடுகள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒருவரைக் காசிமேட்டுக்கு அனுப்பி, ஏலத்தில் கூடையாக மீன் எடுத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையில் ஒரே வகை மீன்தான் எடுக்க முடியும். அதனால் முதல் நாள் இரவே எல்லோரும் கைதூக்கி முடிவு செய்கிறார்கள்.

முதல் வாரம் 4 வீடுகள் வஞ்சிரம் கேட்கின்றன, 3 வீடுகள் சங்கரா, 2 வீடுகள் நெத்திலி. அதிகக் கை தூக்கியது வஞ்சிரத்துக்கு, ஆகவே வஞ்சிரம் வருகிறது. அதன் விலையைக் கொடுக்க முடியாத வீடுகள் 5. ஒன்பதில் ஐந்து பேர் விரும்பாத மீன் எல்லா வீட்டுக் குழம்பிலும் கொதிக்கிறது.

இரண்டாவது வாரம் நெத்திலி வீட்டார் யோசிக்கிறார்கள். நெத்திலி வரப்போவதில்லை, வஞ்சிரமாவது வராமல் தடுக்கலாமே என்று சங்கராவுக்குக் கை தூக்குகிறார்கள். சங்கரா 5, வஞ்சிரம் 4.

மூன்றாவது வாரம் நெத்திலி என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை. புதிதாக அந்தத் தெருவுக்குக் குடிவந்தவர், "இங்கே எல்லோருக்கும் வஞ்சிரம், சங்கரா இரண்டுதான் பிடிக்கும் போலிருக்கிறது" என்று நினைத்துக்கொள்வார். அந்த இரண்டு வீடுகளில் நெத்திலிமேல் ஆசை அப்படியே இருக்கிறது. கை தூக்குவதுதான் நின்றுவிட்டது.

இந்தத் தெருவில் நடந்ததுதான் நம் தொகுதிகளிலும் நடக்கிறது. போட்டியிட்டவர்களில் மற்ற ஒவ்வொருவரையும்விட ஒரு வாக்காவது கூடுதலாகப் பெற்றவர் வெற்றி. பாதிக்கு மேல் பெற்றிருக்க வேண்டியதில்லை. இதற்கு எளிய பெரும்பான்மை முறை என்று பெயர். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நாம் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒரு தொகுதிக்கு ஒரே ஒரு வெற்றியாளர், அதிக வாக்கு பெற்றவர் அவர். இந்த விதி ஒன்றே போதும், மூன்றாவது விருப்பத்தை மெல்ல மெல்லப் பேச்சிலிருந்தே மறையவைக்க.

அதே கணக்கு, மாநில அளவில்

ஒரு கட்சி பெறும் வாக்குக்கும் அதற்குக் கிடைக்கும் இடங்களுக்கும் நேரான பொருத்தம் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். எளிய பெரும்பான்மை முறையில் அந்தப் பொருத்தம் கட்டாயமில்லை.

1967இல் காங்கிரஸ் வீழ்ந்ததைத் தமிழக வரலாற்றின் பெரும் அலையாகப் பேசுகிறோம். அது அலைதான். ஆனால் அந்தத் தேர்தலில் தி.மு.க.வைவிடக் காங்கிரஸ் பெற்ற வாக்கு விழுக்காடு சற்றுக் கூடுதல். இரண்டும் 41 விழுக்காட்டை ஒட்டியவை. இடங்களோ தி.மு.க.வுக்கு 137, காங்கிரஸுக்கு 51. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் நின்று வாக்கைப் பரவலாகப் பெற்றது. தி.மு.க. கூட்டணிக் கட்சிகளுக்கு இடங்களைப் பங்கிட்டு, தான் நின்ற இடங்களில் எதிர்ப்பு வாக்குகளை ஒன்று சேர்த்தது.

1977இல் அ.தி.மு.க., தி.மு.க., காங்கிரஸ், ஜனதா என்று நான்கு முனைப் போட்டி. சுமார் 30 விழுக்காடு வாக்கு பெற்ற அ.தி.மு.க.வுக்கு 234இல் 130 இடங்கள். சுமார் 17 விழுக்காடு பெற்ற ஜனதாவுக்கு 10. 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி பெற்றது ஏறக்குறைய 47 விழுக்காடு. தமிழ்நாட்டின் 39 இடங்களும் அதற்கே. எதிர்த்து வாக்களித்த மற்ற 53 விழுக்காட்டினரின் சார்பில் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்கூட மக்களவைக்குப் போகவில்லை. அவர்களில் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் நாம் தமிழர் கட்சிக்கு வாக்களித்தவர்கள்.

ஆனால் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரே ஓர் எடுத்துக்காட்டுதான் எடுத்துக்கொள்ளலாம் என்றால், நான் தே.மு.தி.க.வை எடுப்பேன். 2006இல் அந்தக் கட்சி தனித்து நின்றது. கிடைத்த வாக்கு 8.4 விழுக்காடு, வென்ற இடம் 1. விருத்தாசலத்தில் கட்சித் தலைவர் விஜயகாந்த் மட்டும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2011இல் அ.தி.மு.க.வோடு கூட்டணி. கிடைத்த வாக்கு 7.9 விழுக்காடு, முன்பைவிடக் குறைவு. வென்ற இடங்கள் 29! விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் மூன்றாவது அணியாக நின்றபோது வென்ற இடம் பூஜ்யம்.

இந்த மூன்று தேர்தல்களையும் பார்த்துவிட்டு, ஒரு புதிய கட்சியின் தலைவர் என்ன முடிவுக்கு வருவார்? "இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றின் தோளில் ஏறு" என்ற முடிவுக்குத்தான். மாற்று என்று சொல்லிப் புறப்பட்ட கட்சி இரண்டு தேர்தல் கழித்து ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேர்வதைப் பார்த்து, "இவரும் விலைபோய்விட்டார்" என்று நாம் மனம் கசக்கிறோம். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் திசையில் அவரைத் தள்ளும் கையும் ஒன்று இருக்கிறது. அது இந்த எண்ணும் முறை.

காலியாக நிற்கும் ஆட்டோ

இப்போது ஷேர் ஆட்டோவுக்கு வருவோம். டோல்கேட் அருகே மாலை நேரத்தில் இரண்டு ஷேர் ஆட்டோக்கள் பாதி நிரம்பி நிற்கின்றன. பின்னால் மூன்றாவது ஒன்று, காலியாக. அது உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கமான வழியில் போகும். ஓட்டுநரும் நிதானமானவர். ஆனால் ஆள் நிரம்பினால்தான் அவர் வண்டியை எடுப்பார். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? தெரியாது. ஆகவே, வழி சற்றுச் சுற்றென்றாலும், பாதி நிரம்பிய வண்டியிலேயே ஏறுகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவரும் அப்படியே. அடுத்தவரும் அப்படியே.

அந்த மூன்றாவது வண்டியில் ஏற ஆசைப்பட்டவர்கள் பத்துப் பேர் இருந்திருக்கலாம். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேர் ஏறமாட்டார்கள் என்று நினைத்ததால் அது காலியாகவே நின்றது.

தனக்கு மிகவும் பிடித்தவரை விட்டுவிட்டு, வெல்ல வாய்ப்புள்ள இருவரில் குறைந்த தீங்கு என்று தோன்றுபவருக்கு அளிக்கும் வாக்கை உத்தி வாக்கு என்று சொல்லலாம். "ஓட்டு பிரிந்துவிடும்" என்று பிரச்சாரத்தில் கேட்கிறோமே, அது நம்மை உத்தி வாக்குக்கு அழைக்கும் குரல்தான். பூக்கார அக்கா "வீணாக்கவா" என்று கேட்பதும் இதைத்தான்.

பிரெஞ்சு அரசியல் அறிஞர் மாரிஸ் துவெர்ஜே 1950களில் இதை ஒரு விதியாகவே சொன்னார். அதிக வாக்கு பெற்ற ஒருவரே வெல்லும் முறை இருக்கும் இடத்தில், போட்டி நாளடைவில் இரண்டு பேருக்கு இடையில் சுருங்கும் என்பது துவெர்ஜே விதி. அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. மூன்றாமவரின் வாக்கு இடங்களாக மாறுவதில்லை என்பது ஒன்று. மீன் கணக்கில் பார்த்தோம். அதை அறிந்த மக்கள் முன்கூட்டியே அவரைக் கைவிடுகிறார்கள் என்பது மற்றொன்று; ஆட்டோ நிறுத்தத்தில் பார்த்தோம்.

இயற்பியல் விதி போல இது எங்கும் தவறாமல் நடப்பதில்லை. இந்தியா முழுவதையும் பார்த்தால் எத்தனையோ கட்சிகள். இந்த விதி தொகுதிக்குத் தொகுதி வேலை செய்வதால், ஒரு மாநிலத்தில் வரும் இரண்டு பேர் வேறு, அடுத்த மாநிலத்தில் வரும் இரண்டு பேர் வேறு. கேரளத்தில் இரண்டு கட்சிகளின் இடத்தில் இரண்டு அணிகள் நிற்கின்றன. உற்றுப் பார்த்தால் நம் மாநிலத்திலும் அப்படித்தான்: இரண்டு பெரிய கட்சிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரிசை.

இரண்டும் ஏன் ஒன்றுபோலத் தெரிகின்றன?

கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில், பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவை வண்டிகளில் விற்கிறார்கள். நீண்ட ஒரே தெருவில் இரண்டே இரண்டு அத்தோ வண்டிகள் என்று கற்பனை செய்யுங்கள். ருசி ஒன்று, விலை ஒன்று. யார் எந்த வண்டிக்குப் பக்கமோ அங்கே சாப்பிடுவார்கள். முதலில் ஒரு வண்டி தெருவின் மேற்குப் பகுதியிலும் இன்னொன்று கிழக்குப் பகுதியிலும் நிற்கின்றன. எல்லோருக்கும் நடை குறைவு.

ஒரு நாள் மேற்கு வண்டிக்காரர் நடுவை நோக்கிச் சற்று நகர்கிறார். மேற்கு ஓரத்தில் இருப்பவர்களுக்கு இன்னமும் அவர் வண்டிதான் பக்கம், அவர்கள் எங்கும் போகமாட்டார்கள். நடுவில் இருக்கும் சிலர் கூடுதலாகக் கிடைக்கிறார்கள். கிழக்கு வண்டிக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் நகர்கிறார். கடைசியில் இரண்டு வண்டிகளும் தெருவின் நட்டநடுவில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் பாதித் தெரு நடக்க வேண்டும்.

தேர்தலிலும் இரண்டு போட்டியாளர்கள் நடுவில் நிற்பவரைத் தேடி நகர்கிறார்கள். எல்லா வாக்காளர்களையும் கருத்து வரிசைப்படி நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவருக்கு இடைநிலை வாக்காளர் என்று பெயர். அவர் சாயும் பக்கமே வெற்றி என்பதால் வாக்குறுதிகள் அவரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. 2011இல் இரண்டு பெரிய கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளிலும் மிக்ஸியும் கிரைண்டரும் இருந்தன. 2021இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஒரு பக்கம், 1,500 ரூபாய் என்று மறுபக்கம். இவற்றைக் கேவலமாகப் பேசுபவர்களோடு நான் சேரமாட்டேன். மாதம் 1,000 ரூபாய் பூ விற்கும் ஒரு பெண்ணின் கையில் என்ன செய்யும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

என் கவலை தெருவின் ஓரத்தைப் பற்றியது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, ஆறு ஆழம் குறைந்து, இறாலும் நண்டும் அருகிப்போன கதை பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் பரவியது. படகும் வலையும் கறுத்தன. கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் புகையைச் சுவாசிப்பவர்களுக்கும் மணலிச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். இவை மாநிலத்தின் இடைநிலை வாக்காளரின் வாசலுக்கு வராத பிரச்சினைகள். ஆட்சி மாறும்போதும் இவை மாறாமல் இருப்பதைக் கண்ட ஒருவர் "இரண்டும் ஒன்றுதான்" என்று சொன்னால், அவர் இருக்கும் ஓரத்திலிருந்து இரண்டு வண்டிகளும் ஒரே தூரத்தில்தான் தெரிகின்றன.

கோட்டைக்குள் இருப்பவரின் வாக்கு

வடசென்னை மக்களவைத் தொகுதியில் திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க.நகர், ராயபுரம் என 6 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். 2019இலும் 2024இலும் இங்கே வெற்றி வித்தியாசம் 3 லட்சத்துக்கும் மேல். இதே நகரின் தென்பகுதியில், 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகரின் முடிவு 137 வாக்குகளில் நின்றது.

அடுத்த தேர்தலில் ஒரு கட்சி தன் நேரத்தையும் ஆட்களையும் வாக்குறுதிகளையும் எங்கே செலவிடும்? நிச்சயமாக வெல்லும் இடத்தில் வெல்பவருக்குக் கவலை இல்லை. தோற்பவருக்கு ஆர்வம் இல்லை. கோட்டை என்ற சொல்லைப் பெருமையாகச் சொல்கிறார்கள். கோட்டைக்குள் குடியிருப்பவருக்கு அது ஒரு சுமை என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில்தான் பணமும் நுழைகிறது. என் வாக்கால் எதுவும் மாறாது என்று முடிவுகட்டிய ஒருவருக்கு, தேர்தலில் உறுதியாகக் கைக்கு வரக்கூடியது அந்த இரவு கதவைத் தட்டி நீட்டப்படும் உறை மட்டுமே. பணம் வாங்குவதை நான் சரியென்று சொல்லவில்லை. சலிப்பு முன்னால் வருகிறது, உறை பின்னால் வருகிறது என்ற வரிசையை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன். இதைத் திருப்பிச் சொல்லி ஏழை மக்கள்மேல் பழி போடுவது எனக்கு வேதனை தருகிறது.

சுருக்கமாக: எண்ணும் முறை போட்டியை இரண்டாகச் சுருக்குகிறது. சுருங்கிய இருவரும் நடுவை நோக்கி நகர்கிறார்கள். ஓரத்தில் இருப்பவருக்கும் கோட்டையில் இருப்பவருக்கும் தன் வாக்கு எடையற்றதாகத் தோன்றுகிறது. அந்த உணர்வின் பெயர்தான் சலிப்பு.

ஆர்.கே.நகரில் நடந்தது

"ஆர்.கே.நகரில் சுயேச்சை ஜெயிக்கவில்லையா? மக்கள் நினைத்தால் முடியும்" என்று சிலர் வாதிடுவார்கள். அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜெயலலிதா மறைந்த பின் 2017 ஏப்ரலில் அங்கே நடக்கவிருந்த இடைத்தேர்தலைப் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. பிறகு டிசம்பரில் நடந்தபோது, பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 89,013 வாக்குகள் பெற்று வென்றார். அ.தி.மு.க.வுக்கு 48,306, தி.மு.க.வுக்கு 24,651. தி.மு.க. வேட்பாளர் டெபாசிட் இழந்தார். வேட்புமனுவோடு கட்டும் முன்பணம்தான் டெபாசிட். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது திரும்பக் கிடைக்காது.

இதை இரு கட்சிப் பூட்டு உடைந்ததாகச் சொல்வது கடினம். வென்றவர் அ.தி.மு.க.வின் உடைந்த பாதியிலிருந்து வந்தவர். அந்தக் கட்சியின் வாக்கு எந்த வண்டிக்கு என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது. ஆளுங்கட்சியைத் தோற்கடிக்க விரும்பியவர்களில் ஒரு பகுதியினர், அதைச் செய்யக்கூடியவர் இவர்தான் என்று கருதி அந்தப் பக்கம் போனதால்தான் தி.மு.க.வின் எண்ணிக்கை அவ்வளவு வீழ்ந்தது என்று நான் வாசிக்கிறேன். யார் இரண்டாவது வண்டி என்பது மாறியது. வண்டிகள் இரண்டுதான் என்பது மாறவில்லை.

நோட்டா செய்வதும் செய்யாததும்

"யாருமே வேண்டாம் என்றால் நோட்டா இருக்கிறதே" என்ற பேச்சிலும் நிறையக் குழப்பம். முன்பு 49-ஓ என்ற விதியின்படி, வாக்களிக்க விருப்பமில்லை என்பதை வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். ரகசியம் போய்விடும். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் இயந்திரத்திலேயே அதற்கு ஒரு பொத்தான் வந்தது. மேலே உள்ள யாரும் வேண்டாம் என்று ரகசியமாகப் பதியும் அந்த வாய்ப்புதான் நோட்டா.

நோட்டா முதலிடம் பெற்றாலும் தேர்தல் செல்லாததாகிவிடாது. வேட்பாளர்களில் அதிகம் பெற்றவர் வென்றதாகவே அறிவிக்கப்படுவார். ஆட்டோ நிறுத்தத்தில் நின்று "எதிலும் ஏறமாட்டேன்" என்று சொல்வது போன்றது அது. சொல்வதற்கு மதிப்பு உண்டு, எண்ணிக்கையும் வெளியாகிறது. வண்டிகள் புறப்பட்டுவிடும்.

வாக்களிக்கவே போகாதவர்களையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. 2021இல் மாநில வாக்குப்பதிவு சுமார் 73 விழுக்காடு, சென்னை மாவட்டத்தில் சுமார் 59. இந்த இடைவெளி முழுவதையும் "சென்னைக்காரர்களின் அலட்சியம்" என்று எழுதிவிடுகிறார்கள். கரையோரக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பெயர் பழைய பூத்தில், வாழ்க்கை 20, 25 கிலோமீட்டர் தள்ளி. அன்றைய கூலியையும் பஸ் செலவையும் கணக்குப் பார்த்து ஒருவர் வராமல் இருந்தால், அதற்கு அலட்சியம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பூட்டு திறந்த தருணங்கள்

இவ்வளவு சொன்ன பின், எதுவும் மாறாது என்று எண்ணிவிட வேண்டாம். மாறியிருக்கிறது, அதுவும் நம் வடசென்னையில் தொடங்கி. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழைக்கு நடுவே தி.மு.க. தொடங்கப்பட்டபோது காங்கிரஸ் அசைக்க முடியாத கட்சி. அந்தப் புதிய கட்சி 1957இல் முதன்முதலாகப் போட்டியிட்டு 15 இடங்களையும், 1962இல் 50 இடங்களையும், 1967இல் 137 இடங்களையும் பெற்றது. ஒரே தேர்தலில் எல்லாவற்றையும் புரட்டிவிடவில்லை. 1972இல் பிறந்த அ.தி.மு.க. ஐந்தே ஆண்டுகளில் ஆட்சியைப் பிடித்தது. ஆனால் அது ஒரு பெரிய கட்சியின் வாக்கில் கணிசமான பகுதியோடு பிரிந்து வந்த கட்சி. பிரிட்டனிலும் 1920களில் லிபரல் கட்சியின் இடத்தைத் தொழிற்கட்சி பிடித்தது.

இவை எல்லாவற்றிலும் மூன்றாவது ஒன்று முதல் இரண்டில் ஒன்றை அப்புறப்படுத்தி அதன் இடத்தில் உட்கார்ந்தது. மூன்றாகவே நீடிப்பது அரிது. ஆகவே ஒரு புதிய கட்சியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, "இவர் நல்லவரா?" என்பதோடு நிற்கக் கூடாது. "எந்த வண்டியின் இடத்தை இவர் பிடிக்கப் போகிறார்? பிடித்த பின் தெருவின் ஓரத்துக்கு வருவாரா, நடுவிலேயே நிற்பாரா?" என்றும் கேட்க வேண்டும்.

வேறு விதமாக எண்ணினால்?

உலகில் இது ஒன்றே எண்ணும் முறை இல்லை. ஒரு கட்சி பெற்ற வாக்கின் அளவுக்கு ஏற்ப அதற்கு இடங்களைப் பங்கிடும் முறைக்கு விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் என்று பெயர். 8 விழுக்காடு வாக்குக்கு ஏறக்குறைய 8 விழுக்காடு இடம். நியூசிலாந்து மக்கள் 1993இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, நம்மைப் போன்ற முறையிலிருந்து இதன் ஒரு வடிவத்துக்கு மாறினார்கள். இதிலும் குறை உண்டு. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பது அரிதாகி, ஆட்சி அமைக்கப் பேரம் நீளும். "எங்கள் தொகுதி எம்.எல்.ஏ." என்று உரிமையோடு போய் நிற்க ஒருவர் இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு. தெருவிளக்குக்குக்கூட எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய்ப் பழகிய நமக்கு அது சிறிய இழப்பாக இருக்காது.

இன்னொன்று முன்னுரிமை வாக்கு. ஒரே பெயரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதலாம். யாருக்கும் பாதிக்கு மேல் முதல் விருப்பம் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். இலங்கையில் அதிபர் தேர்தலில் மூன்று பேர் வரை இப்படிக் குறிக்கலாம். 2024இல் யாருக்கும் பாதி கிடைக்காமல் முதன்முறையாக இரண்டாவது சுற்று எண்ணினார்கள். நம் நாட்டிலும் இது புதிதில்லை. குடியரசுத் தலைவரையும் மாநிலங்களவை உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும்போது நம் எம்.எல்.ஏ.க்கள் எண் போட்டுத்தான் வாக்களிக்கிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நமக்குத்தான் அந்த வாய்ப்பு இல்லை. மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். அங்கே மக்களவையில் அமர்ந்திருப்பவர்கள் எல்லோரும் இப்போதைய முறையில் வென்று வந்தவர்கள்.

காசிமேட்டுக் கூடைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், நெத்திலி வீட்டார் நெத்திலிக்கு 1, சங்கராவுக்கு 2 என்று எழுதுவார்கள். முதல் எண்ணிக்கையில் நெத்திலி கடைசி, நீக்கப்படுகிறது. அவர்களின் 2 வாக்குகள் சங்கராவுக்குப் போக, சங்கரா 5. முடிவு இரண்டாவது வாரத்தில் வந்ததேதான். ஆனால் நெத்திலி கேட்டவர்கள் இருவர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அடுத்த வாரம் மூன்றாவது வீடும் சேரலாம், நான்காவதும் சேரலாம்.

இதை அக்காவிடம் விளக்க, ஒரு தாளில் நான்கு மீன் பெயர்களை எழுதி நீட்டினேன். நெத்திலிக்கு 1 போட்டார், சங்கராவுக்கு 2. "இப்படிக் கேட்டால் நான் எதற்குத் தம்பி பொய் சொல்லப்போகிறேன்" என்றார். பிறகு கட்சிப் பெயர்களை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து எண்களைப் போட ஆரம்பித்தார்.